பிடிச்சுக்கோ கண்ணு

நம்பாதவர்கள் எங்கள் வீட்டுக்கு வரலாம். வண்டி கீழ்த்தளத்தில்தான் நிற்கிறது. டிரைவர் சீட்டில் உட்கார வைத்து, பிரேக்கை மிதித்துப் பிடிக்கச் சொல்வேன். வண்டிக்கு அடியில் ஒருவரும் இருக்கமாட்டார்கள். ஐந்து நிமிஷம் அப்படியே இருந்துவிட்டு வந்து, ‘நீ கதை விடுகிறாய்’ என்று சொல்லுங்கள். கேட்டுக்கொள்கிறேன்.

இது நடந்தது ராத்திரி இல்லை. மழைக்காலத்துச் சனிக்கிழமை ஒன்றில், மத்தியானம் மூன்று மணிக்கு மேல். பேய்க்கு வேறு நேரமே கிடைக்கவில்லையா என்று எனக்கும் தோன்றியது. ஆனால் நடந்ததை நடந்த நேரத்தில்தானே சொல்ல முடியும்.

முதலில் வண்டி. இருபத்திரண்டு வயதான எஸ்.யூ.வி. என்னைவிட ஒரு வயது மூத்தது. எங்கள் வீட்டில் அதன் பெயர் எருமை. கறுப்பு, பெரிய உடம்பு, கூப்பிட்டால் வராது. என் அக்காவின் கணவர், அதாவது என் மாமா, அதை ஒரு டீச்சரிடமிருந்து வாங்கினார். “ஓட்டவே ஓட்டாத வண்டிடா மச்சான்! வருஷக்கணக்கா ஷெட்டுக்குள்ளயே மூடி வெச்சிருந்திருக்காங்க!” என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் பெருமையடித்துக்கொண்டார். இவ்வளவு நல்ல வண்டியை ஏன் ஓட்டாமல் மூடி வைத்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை. எங்கள் குடும்பம் அப்படி. பெருமையை வாங்கினால் காரணத்தைக் கேட்கமாட்டோம்.

மாமாவுக்கு ஆபீஸில் கணக்குப் பார்க்கிற வேலை. மனசுக்குள் மெக்கானிக். வீடியோ பார்த்தே வைப்பர் பிளேடு மாற்றினார். பேட்டரி முனையில் பூத்திருந்த வெள்ளைப் பொடியை வெந்நீர் ஊற்றிக் கழுவினார். ஏர் ஃபில்டரைத் தட்டிச் சுத்தம் செய்து இரண்டு நாள் தும்மினார். ஹெட்லைட் பல்பை மாற்றினார். தலைகீழாக மாட்டியது தெரிந்ததும் மறுபடி மாற்றினார். அதுவரை சரி. உயிர் போகிற வேலை எதுவும் அதில் இல்லை.

அப்புறம் பிரேக்கில் கை வைத்தார்.

அவரைக் குறை சொல்லவும் முடியாது. பெடலை மிதித்தால் பஞ்சு மெத்தை மாதிரி உள்ளே போனது. பின்பக்க இடது சக்கரத்தில் பிரேக் ஆயில் கசிந்திருந்தது. அக்காவுக்கு அது ஒன்பதாவது மாதம். எங்கள் வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கு ஒரே இறக்கம், நடுவில் ஏழெட்டு வளைவுகள். வலி வந்தால் எருமையில்தான் போயாக வேண்டும்.

“ஒர்க்‌ஷாப்ல அடுத்த வாரம்தான் எடுப்பாங்களாம்,” என்றார் மாமா. “அதுக்குள்ள வலி வந்துட்டா? பிரேக் இல்லாத வண்டியில உங்க அக்காவை ஏத்தச் சொல்றியா? வா, நாமளே முடிச்சிடலாம்.”

‘நாம’ என்று அவர் சொன்னதில் என் பங்கு என்னவென்று அப்போது எனக்குத் தெரியாது. எனக்கு வலது கால் ஒன்று இருக்கிறது என்பதுதான் என் தகுதி.

கீழ்த்தளத்தை ஒரு தடவை மனசில் பார்த்துக்கொள்ளுங்கள். தாழ்ந்த கூரை. இரண்டே டியூப்லைட். மழைத்தண்ணீர் ஓடுவதற்காகத் தரையை லேசாகச் சரித்துக் கட்டியிருந்தார்கள். மாடிப்படிக்குப் போகிற வழியில் ஓர் இரும்புக் கதவு. அன்றைக்குக் காற்று அதிகம். நிமிஷத்துக்கு ஒருமுறை அந்தக் கதவு... டமார்!

இடது பின்சக்கரத்தை ஜாக்கி வைத்துத் தூக்கி, டயரைக் கழற்றினார் மாமா. ஹேண்ட் பிரேக் போட்டிருந்தால், சக்கரத்துக்குப் பின்னால் பிரேக்கை மூடியிருக்கிற டிரம் வெளியே வராது. அதனால் ஹேண்ட் பிரேக்கை இறக்கிவிட்டார். கியர் நியூட்ரலில். ஆக, அந்த எருமையைச் சரிவில் உருளாமல் நிறுத்தி வைத்திருந்தது முன்சக்கரத்துக்கு முன்னால் இருந்த ஒரே ஒரு செங்கல்.

“கழட்டின டயரை வண்டிக்கு அடியில தள்ளி வைக்கணும் மாமா. ஜாக்கி சரிஞ்சா அது தாங்கும்னு வீடியோவில சொன்னானே.”

“அவனுக்கு வேற வேலை இல்லடா. வீடியோவை நீளமாக்கணும்னு சொல்லுவான்.”

டயரைப் படுக்கப்போட்டு அதன்மேல் ஸ்பேனர் பெட்டியை வைத்துக்கொண்டார்.

பழைய பிரேக் ஷூவை எடுத்துப் புதுசு மாட்டினார். கசிந்த சிலிண்டரை மாற்றினார். சொல்லப்போனால் ஒழுங்காகவே செய்தார். மிச்சம் இருந்தது ஒரு வேலைதான். பிரேக் குழாய்க்குள் புகுந்துவிட்ட காற்றை வெளியே எடுப்பது.

அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் வண்டிக்கு அடியில், ஒருவர் சீட்டில். அடியில் இருப்பவர் ‘மிதி’ என்பார். நான் மிதித்து, ‘பிடிச்சாச்சு’ என்பேன். அவர் சக்கரத்துக்குப் பின்னால் இருக்கிற சின்ன ஸ்க்ரூவைத் திறப்பார். காற்றும் ஆயிலும் வெளியே வரும், பெடல் என் காலோடு கீழே இறங்கும். அவர் ஸ்க்ரூவை மூடிவிட்டு ‘விடு’ என்பார். நான் காலை எடுப்பேன். இதையே திரும்பத் திரும்பச் செய்யவேண்டும்.

“ஒண்ணே ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கோ மச்சான். நான் விடுன்னு சொல்ற வரைக்கும் இடியே விழுந்தாலும் காலை எடுக்காத. எடுத்தா காத்து திரும்ப உள்ள போயிடும். பண்ணின வேலையெல்லாம் பாழ்.”

சரி என்று சீட்டில் ஏறி உட்கார்ந்தேன்.

டேஷ்போர்டு கடிகாரத்தில் 3:24. கண்ணாடியில் பார்த்தேன். மாமா பின்னால் நின்று கந்தல் துணியில் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அப்போது, என் சீட்டுக்கு நேர் கீழே, யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

மறுபடி கண்ணாடியைப் பார்த்தேன். மாமா இன்னும் துடைத்துக்கொண்டுதான் இருந்தார்.

பூனையாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். செருமுகிற பூனையை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. ஆனாலும் பூனை என்றுதான் நினைத்தேன். மனுஷ மனசு அப்படித்தான் வேலை செய்கிறது.

மாமா தன் தொந்தியைத் தரைக்கும் வண்டிக்கும் நடுவில் பாடுபட்டுச் செருகிக்கொண்டு, பின்சக்கரத்துப் பக்கம் மல்லாந்து படுத்தார்.

“மிதி!”

“பிடிச்சாச்சு!”

பெடல் இறங்கியது.

“விடு!”

ஆறேழு முறை ஆனது. பெடல் கொஞ்சம் கொஞ்சமாக இறுகி வந்தது. எட்டாவது முறையோ என்னவோ, “இரு மச்சான்,” என்றார் மாமா. “ஸ்க்ரூ இறுகிக்கிச்சு. அப்படியே பிடிச்சுட்டு இரு.”

பிடித்துக்கொண்டிருந்தேன்.

டமார்!

கதவைத் திறந்துகொண்டு அம்மா வந்தாள். அம்மாவுக்கு ஒரு வியாதி உண்டு. எந்தப் பொருளும் சும்மா கிடக்கக்கூடாது. சும்மா உட்கார்ந்திருந்தால் என்னையே எடுத்து ஏதாவதொரு மூலையில் வைத்துவிடுவாள்.

“மாப்பிள்ளை, ஈரத் தரையில படுத்துக் கிடக்கீங்களே. ஒரு ஆளை வெச்சுப் பண்ணக்கூடாதா?”

“முடிஞ்சிடுச்சு அத்தை! அஞ்சே நிமிஷம்!” என்று கீழேயிருந்து குரல் வந்தது.

“இதையேதான் காலையிலேர்ந்து சொல்றீங்க. இந்தக் கதவு வேற... டமார் டமார்னு உயிரை வாங்குது. மாசமா இருக்கிறவ கொஞ்சம் கண்ணசர வேண்டாமா? டேய், நீ என்னடா ஜமீன்தார் மாதிரி மேல உட்கார்ந்திருக்க?”

“பிரேக் மிதிக்கிறேம்மா.”

“வண்டியே ஓடலையேடா. எதுக்கு பிரேக்கு?”

கேட்டுக்கொண்டே வண்டிக்கு முன்பக்கமாக நடந்து போனாள். அந்த உயரமான பானட்டுக்கு மேலே அவளுடைய கொண்டை மட்டும் தெரிந்தது. நடுவில் ஓரிடத்தில் கொண்டையும் மறைந்தது. செருப்பைச் சரி செய்கிறாள் என்று நினைத்தேன்.

கர்ர்ரக்... என்று ஒரு சத்தம்.

வண்டி லேசாக ஒரு சிலிர்ப்புச் சிலிர்த்தது. கொண்டை மறுபடி தெரிந்தது. படியேறிப் போய்விட்டாள்.

ஒரு நிமிஷம் போனது. ஏதோ ஒன்று குறைகிறது என்று தோன்றியது. என்னவென்று பிடிபடச் சற்று நேரம் ஆனது.

கதவு அடித்துக்கொள்ளவில்லை.

வெளியே காற்று அப்படியேதான் இருந்தது. கதவு மட்டும் அமைதியாகிவிட்டது.

3:41. கரண்ட் போனது.

கீழ்த்தளத்தில் மத்தியானம் என்று ஒன்று கிடையாது. லைட் போனால் இருட்டுதான். கண்ணாடியில் பார்த்தேன். பின்னால், தரையோடு தரையாக ஒரு சின்ன வெளிச்சம் அசைந்தது. மாமாவின் பேனா டார்ச். அதைப் பார்த்ததும் எனக்குக் கொஞ்சம் தைரியம்.

பெடல் என் காலோடு மெதுவாக இறங்கியது. ஒரு வழியாக ஸ்க்ரூவைத் திறந்துவிட்டார்.

இனி அவர் மூடவேண்டும். ‘விடு’ என்று சொல்லவேண்டும். காத்திருந்தேன். கால் வலிக்க ஆரம்பித்தது.

“விடு.”

அப்பாடா என்றிருந்தது. காலைத் தளர்த்தினேன்.

“பிடிச்சுக்கோ கண்ணு.”

என் கால் தானாக நின்றது.

முதலில் எனக்கு எரிச்சல்தான் வந்தது. இவர் விடச் சொல்கிறாரா, பிடிக்கச் சொல்கிறாரா? அடுத்த நொடி இன்னொன்று உறைத்தது. என் மாமா என்னை டேய் என்பார், மச்சான் என்பார், தறுதலை என்பார். கல்யாணமாகி மூன்று வருஷத்தில் ஒருநாளும் கண்ணு என்றதில்லை.

அது அவர் குரலும் இல்லை. வயசான குரல். மூச்சு வாங்கிக்கொண்டு பேசுகிற குரல்.

“விடு.”

இது மாமா. அவருடைய குரலேதான்.

“காலை எடுக்காத கண்ணு. பிடிச்சுக்கோ.”

இது... என் சீட்டுக்கு அடியிலிருந்து.

‘மாமா’ என்று கூப்பிட வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை.

“விடுடா மச்சான்.”

அந்தக் குரல் இப்போது பின்சக்கரத்திலிருந்து வரவில்லை. வண்டியின் நடுவிலிருந்து வந்தது. டார்ச் வெளிச்சம் மட்டும் பழைய இடத்திலேயே இருந்தது.

இந்தத் தொந்தியை வைத்துக்கொண்டு எப்படி இவ்வளவு தூரம் நகர்ந்தார்?

“விடு. விடு.”

இன்னும் கிட்டே.

“பிடிச்சுக்கோ கண்ணு... பிடிச்சுக்கோ...”

அந்தக் குரல் கெஞ்சியது.

கால் மரத்துவிட்டது.

எங்கிருந்தோ பிரேக் ஆயில் வாடை.

சரக்... சரக்...

தரையில் துணி உரசுகிற சத்தம்.

“விடு!”

காலுக்கு நேர் கீழே.

கண்ணை மூடிக்கொண்டு, இரண்டு காலையும் பெடலின்மேல் வைத்து அழுத்தினேன்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது.

கண்ணைத் திறந்தபோது டியூப்லைட் எரிந்துகொண்டிருந்தது. கடிகாரம் 3:46 காட்டியது. ஜன்னலுக்கு வெளியே மாமா நின்றார். முகமெல்லாம் கரி. பேனா டார்ச்சைப் பல்லில் கடித்திருந்தார். அதை எடுத்து, எச்சிலைப் பேன்ட்டில் துடைத்துவிட்டு, “முடிஞ்சுது! இனி பெடல் கல்லு மாதிரி நிக்கும் பாரு!” என்றார். “என்னடா? பேயைப் பார்த்தவன் மாதிரி முழிக்கிற?”

“காலை... எடுக்கலாமா?”

“இவ்வளவு நேரம் மிதிச்சுட்டேதான் இருக்கியா? எடுடா...”

சொல்லிக்கொண்டே முன்பக்கம் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

“எடுக்காத! டேய், எடுக்காத! செங்கல் எங்கடா?”

முன்சக்கரத்துக்கு முன்னால் ஒன்றும் இல்லை. சரிந்த தரை மட்டும்.

செங்கல் மாடிப்படிக் கதவடியில் இருந்தது. கதவு அடித்துக்கொள்ளாமல், ரொம்பப் பாந்தமாக முட்டுக் கொடுத்து வைக்கப்பட்டிருந்தது.

மாமா ஓடிப்போய் அதை எடுத்துவந்து சக்கரத்தடியில் உதைத்துச் செருகினார். நான் காலை எடுத்திருந்தால் வண்டி உருண்டிருக்கும். ஜாக்கி சரிந்திருக்கும். டயர் இல்லாத அந்த மூலை அவர் நெஞ்சின்மேல்தான் இறங்கியிருக்கும். அடியில் தாங்கிக்கொள்ள எதுவும் இல்லை. தாங்கவேண்டிய டயர், ஸ்பேனர் பெட்டிக்கு மேஜையாக இருந்தது.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றபோது மேலேயிருந்து அம்மாவின் குரல்.

“மாப்பிள்ளை! சீக்கிரம் வாங்க! அவளுக்கு வலி எடுத்திடுச்சு!”

அப்புறம் யாருக்கும் பேச நேரமில்லை. டயரை மாட்டினோம். மாமா பெடலை நாலு முறை மிதித்துப் பார்த்தார். மழையில், அந்த இறக்கத்தில், பின்சீட்டில் அக்கா அம்மாவின் கையை நெரித்துக்கொண்டு கத்த, எருமை ஒவ்வொரு வளைவிலும் சொன்ன இடத்தில் நின்றது. விளக்கு வைக்கிற நேரத்துக்குப் பெண் குழந்தை பிறந்தது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் மாமாவிடம் சொன்னேன். “நீங்க பிடிச்சுக்கோ கண்ணுன்னு சொன்னதாலதான் மாமா நான் காலை எடுக்கல.”

“யாரு, நானா? உன்னையா? கண்ணுன்னா?” சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். அதற்குள் நர்ஸ் கூப்பிட்டுவிட்டார்.

செங்கல் விஷயம் தெரிந்து அம்மா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. “சும்மாதானேடா கிடந்துச்சு...” என்பதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். அப்புறம் எங்களை நாங்களே தேற்றிக்கொண்டோம். அது ஒரு நல்ல ஆத்மா. யாரோ புண்ணியவான், மாமாவைக் காப்பாற்றினார். குழந்தைக்குப் பெயர் முடிவாகும் முன்பே அவருக்கு முடிவாகிவிட்டது. கீழ்வீட்டுத் தாத்தா. வண்டியைக் கடக்கும்போது அம்மா, “வரேன் பெரியவரே,” என்று சொல்லிவிட்டுப் போகிற அளவுக்கு நெருக்கம்.

இத்தோடு முடிந்திருந்தால் இதை நான் எழுதியிருக்கவே மாட்டேன்.

குழந்தை வீட்டுக்கு வந்த வாரம், வண்டியை விற்ற டீச்சர் போன் செய்தார். வண்டிப் பேர் மாற்றும் விஷயமாக ஒரு கையெழுத்து வேண்டுமாம். கூடத்தில் நான்தான் எடுத்தேன். “வண்டி நல்லா ஓடுதா தம்பி?” என்று கேட்டார். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேனா? நடந்ததைத் தமாஷாகச் சொன்னேன். எருமை, செங்கல், அம்மாவின் கொண்டை எல்லாம்.

“பிடிச்சுக்கோ கண்ணு” என்கிற இடம் வந்ததும் அந்தப் பக்கம் சத்தமே இல்லை.

“ஹலோ... டீச்சர்?”

“எங்கப்பா,” என்றார். “என்னைக் கண்ணுன்னுதான் கூப்பிடுவார்.”

நான் எழுந்து நின்றுவிட்டேன்.

“வண்டி வேலையெல்லாம் அவரே பார்ப்பார். பிரேக் மிதிக்க நான்தான் உட்காருவேன். அப்போ எனக்குப் பன்னெண்டு வயசு. அன்னைக்கும் அவர் அடியில இருந்தார். நான் மிதிச்சுப் பிடிச்சிட்டிருந்தேன். விடுன்னு சொன்னார். விட்டேன். வண்டி உருண்டிடுச்சு.”

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

“நிச்சயமா அவர் குரல்தான் தம்பி. ஆனா அவர் அப்படிச் சொல்லியிருக்கவே முடியாதுன்னாங்க. ஸ்க்ரூவை இன்னும் மூடவே இல்லையாம். சின்னப் பொண்ணு, கால் வலிச்சு எடுத்திருப்பா, பயத்துல பொய் சொல்றான்னுட்டாங்க. எங்கம்மா சாகிற வரைக்கும் என்னை நம்பல. வண்டியையும் விக்க விடல.”

மூச்சை இழுத்துக்கொண்டார்.

“உங்களுக்கு... விடுன்னு எதுவும் கேட்கலையே?”

“கேட்டுதுங்க. ஆனா அது எங்க மாமா.”

“அவர்தானா? கேட்டீங்களா அவரை?”

கேட்கவில்லை. அது தோன்றவே இல்லை. கண்ணு என்று கூப்பிட்டது யார் என்பதைத்தான் இத்தனை நாளும் பேசிக்கொண்டிருந்தோம்.

மாமா எதிரில் சோபாவில் இருந்தார். மடியில் குழந்தை. போனை வைக்காமலே கேட்டேன்.

“மாமா. அன்னைக்குக் கரண்ட் போனப்புறம், நீங்க விடு விடுன்னு சொல்லிட்டே இருந்தீங்கல்ல?”

“நானா?” குழந்தை விழித்துக்கொள்ளக்கூடாதென்று தணிந்த குரலில்தான் சொன்னார். “இருட்டுல ரெண்டு கையும் ஸ்க்ரூல இருந்துச்சு. நீ இன்னும் மிதிச்சுட்டிருக்கியான்னு கேட்கக்கூட முடியல. வெளியே வர்ற வரைக்கும் டார்ச்சை வாயிலதானேடா கடிச்சிருந்தேன்... எப்படிப் பேசுவேன்?”

மாமா சொன்னதை அப்படியே போனில் சொன்னேன். போனில் டீச்சர் அழுகிற சத்தம் கேட்டது. அழுகைக்கு நடுவே சொன்னார்.

“அப்போ... அன்னைக்கு நான் கேட்டது நிஜம்தான்.”